பதினேழாவது நார்மல்

கையை அசைக்கக் கூடாது, தூங்கக் கூடாது, போனைப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, நாலே கால் மணி வரைக்கும் சும்மா மல்லாந்து படுத்துக் கிடந்தால் போதும் என்று டாக்டர் அஸ்மா சொல்லிவிட்டுப் போனபோது குற்றாலிங்கத்துக்கு அது ஒரு பெரிய காரியமாகவே படவில்லை. இருபத்திரண்டு வருஷமாக இதே ஆஸ்பத்திரி லேபில் உட்கார்ந்து அடுத்தவர் கையில் ஊசி குத்திக்கொண்டிருப்பவர், ஒரு மத்தியானம் தன் கையை நீட்டிக் கொடுத்துவிட்டுப் படுப்பதில் என்ன குறைந்துவிடப் போகிறது. யோசிக்கக் கூடாது என்று மட்டும் அந்தப் பிள்ளை சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அது நடக்கிற காரியமா. படுத்துப் பத்து நிமிஷம் ஆகவில்லை, மண்டைக்குள் ஆள் நடமாட்டம் தொடங்கிவிட்டது. மேலே மின்விசிறி மூன்று சுற்றுக்கு ஒருதரம் டக் என்றது. இடது முழங்கை மடிப்பில் செருகிப் பிளாஸ்திரி ஒட்டியிருந்த குழாய் வழியாக உப்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்க, அது இறங்குகிற இடத்தில் தோல் சில்லிட்டுக் கிடந்தது. நன்றாகத்தான் குத்தியிருக்கிறாள், ஒரே குத்து, வீங்கவில்லை, நீலம் பாயவில்லை. சின்னப் பிள்ளைக்கு நல்ல கை. வலது பக்கம் பச்சைத் துணித் திரை, திரைக்கு அந்தப் பக்கம் இன்னொரு கட்டில், அதில் இன்னொரு ஆள். திரை கட்டிலின் முழு நீளத்துக்கும் எட்டவில்லை. கால்மாட்டில் ஒரு முழம் வெளியே நின்றதால் அந்த ஆளின் பாதம் இரண்டும் தெரிந்தன. ஒன்றன்மேல் ஒன்றாக, சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தன. ஒருச்சாய்ந்து படுத்திருக்கிறான். இவனிடம் மட்டும் மல்லாந்து படுக்கச் சொல்லவில்லையா என்று நினைத்தார் குற்றாலிங்கம். உடனே அந்த நினைப்பைத் தள்ளிவிட்டு மின்விசிறியைப் பார்த்தார். சுவரைப் பார்த்து ஒருச்சாய்ந்து கிடக்கும் ஆம்பிளையின் பாதங்களை அவர் இதற்கு முன்னால் ஐந்து மாதம் பார்த்திருக்கிறார். அவை அண்ணனின் பாதங்கள், இவை வேறு யாருடையவையோ, அவ்வளவுதான், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

மனநலப் பிரிவுப் பேராசிரியர் ஓர் ஆராய்ச்சி நடத்துகிறார். மனச்சோர்வு வந்தவர்களின் உடம்பில் பதற்றத்துக்கான ஹார்மோன் எப்படிச் சுரக்கிறது, மருந்து கொடுத்து அடக்கினால் அடங்குகிறதா, அடக்க அடக்க முண்டுகிறதா என்று ரத்தத்தில் பார்ப்பது. அதற்கு நோயாளிகள் ஐம்பது பேர் வேண்டும், நோயில்லாத நார்மல் ஆட்கள் ஐம்பது பேர் வேண்டும். நோயாளிக்குப் பஞ்சமில்லை, வெளியே பெஞ்சு நிறைய உட்கார்ந்திருக்கிறார்கள். நார்மலுக்குத்தான் பஞ்சம். நார்மலாக இருக்கிறவன் எவன் வேலைவெட்டியை விட்டுவிட்டு ஒரே மத்தியானத்தில் ஐந்து தரம் ரத்தம் கொடுக்க வருவான். ஆகவே இந்த மாதிரிச் சமயங்களில் வழக்கமாக நடப்பதுபோல ஆஸ்பத்திரி ஆட்களையே பிடித்துப் போட்டார்கள். லேபில் இரண்டு பேர், எக்ஸ்ரேயில் மூன்று பேர், மருந்துக் கிடங்கில் ஒருவர், சலவைப் பிரிவில் ஒருவர். ஆஸ்பத்திரியில் சம்பளம் வாங்குகிறவனெல்லாம் நார்மல் என்று யார் முடிவு செய்தார்களோ. ஒவ்வொரு நோயாளிக்கும் அதே வயதில் ஒரு நார்மலைப் பார்த்து ஜோடி சேர்ப்பார்கள், ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். ஒரே நாளில் ஒரே அறையில் வைத்து இரண்டு பேருக்கும் எடுப்பார்கள், அப்போதுதான் ஒப்பிட்டுப் பார்க்க வசதி. திரைக்கு அந்தப் பக்கம் கிடப்பது நோயாளி பதினேழு, வயது நாற்பத்தாறு. இந்தப் பக்கம் கிடப்பவர் நார்மல் பதினேழு, வயது நாற்பத்தாறு. போன வாரம் கேன்டீனுக்குப் போகிற வழியில் நிறுத்தி வைத்துத்தான் டாக்டர் அஸ்மா பாரத்தை நிரப்பினாள். கூடவே எக்ஸ்ரே ஆவுடையப்பன் நின்றார். சுகர் இருக்கா அண்ணாச்சி? இல்ல. தைராய்டு? இல்ல. தூக்கமெல்லாம்? அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவேன் டாக்டர். அப்பா அம்மா, கூடப் பிறந்தவங்க, யாருக்காவது மனசு சம்பந்தமா வைத்தியம் பாத்திருக்கீங்களா, தற்கொலை அந்த மாதிரி ஏதாவது? சேச்சே, அதெல்லாம் கெடையாது. "எங்க சம்பந்தி வீட்டப் பத்தி என்ன கேள்வி கேக்கிய டாக்டர்" என்று ஆவுடையப்பன் சிரித்தார். இன்னும் சம்பந்தி ஆகவில்லை. ஆவுடையப்பனின் தங்கை மகனுக்குக் குற்றாலிங்கத்தின் மகள் உமையாளைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், ஆவணியில் நிச்சயம் வைக்கலாம் என்று இருக்கிறது. பாரத்தில் இல்லை, இல்லை, இல்லை என்று வரிசையாக மூன்று டிக் விழுந்தது. மூன்றாவது டிக் விழுந்தபோது ஆவுடையப்பன் வடையைக் கடித்துக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்கு டாக்டர் அஸ்மா வந்து முதல் குழாய் ரத்தம் எடுத்தாள். கையில் செருகியிருந்த குழாய் வழியாக ஓர் ஊசி மருந்தையும் மெல்ல ஏற்றினாள். "மூஞ்சிக்கு ஒரு சூடு ஏறும் அண்ணாச்சி, வாயில ஒரு மாதிரி ருசி தட்டும், ரெண்டு நிமிஷத்துல போயிரும்." ஏறியது. கழுத்திலிருந்து கன்னத்துக்கு, கன்னத்திலிருந்து காது நுனிக்கு, பத்துப் பேர் முன்னால் பொய்யில் மாட்டிக்கொண்டவனுக்கு ஏறுகிற அதே சூடு. நாக்கில் கதவுச் சங்கிலியை நக்கியதுபோல ஓர் இரும்பு ருசி. டாக்டர் பிள்ளை திரையை விலக்கி அந்தப் பக்கம் போனாள். அங்கேயும் அதே வார்த்தை, மூஞ்சிக்கு ஒரு சூடு ஏறும் அண்ணாச்சி. இந்தச் சோதனையின் கணக்கு குற்றாலிங்கத்துக்குத் தெரியும், தெரியாமலா இருக்கும். நேற்று படுக்கும்முன் விழுங்கச் சொன்ன மாத்திரை உடம்பின் பதற்ற ஹார்மோனைப் போலவே வேஷம் போட்டு உள்ளே போகும். மூளை அதைப் பார்த்துவிட்டு, இருக்கிறது போதும், இனிச் சுரக்காதே என்று நிறுத்திவிடும். மாடித் தொட்டி நிறைந்ததும் மோட்டார் தானாக நின்றுவிடுகிற மாதிரி. மறுநாள் இந்த ஊசியைப் போட்டு மோட்டாரை ஓடச் சொல்லிச் சீண்டிப் பார்ப்பார்கள். நார்மல் ஆளுக்கு லேசாக உறுமிவிட்டு அடங்கிவிடும். சோர்வு பிடித்தவனுக்குத் தொட்டி வழிய வழிய ஓடும், மாடியெல்லாம் தண்ணீர், சுவரெல்லாம் ஈரம், நிறுத்த ஆளில்லை. நோயே இல்லாமல் நோயாளியின் கூடப் பிறந்தவனாக இருந்தால்கூட நடுவாந்தரமாக ஓடுகிறதாம். அதை எங்கேயோ படித்திருக்கிறார். படித்ததை மறந்துவிடலாம் என்று பார்க்கிறார். முடியவில்லை. இப்போது தன் உடம்பில் எது நடந்துகொண்டிருக்கிறது? உறுமுகிறதா, வழிகிறதா? ஒன்றும் தெரியவில்லை. நெஞ்சு அடித்துக்கொண்டது, ஆனால் நெஞ்சு இரண்டரை மாதமாகவே இப்படித்தான் அடிக்கிறது, விடியுமுன் விழிப்பு வந்து, பக்கத்தில் மனைவி பகவதி மூச்சு விடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, ஒன்றுமே நடக்கவில்லை, ஒன்றுமே இல்லை, எதற்காக இப்படி அடிக்கிறது என்று தனக்குத் தானே கேட்டுக்கொண்டு கிடக்கும்போதும் இப்படித்தான். நேற்று பகவதி மீன்குழம்பை ஊற்றிவிட்டு முகத்தையே பார்த்தாள். "என்ன, வாயில வைக்க வெளங்கலையா?" நல்லாத்தான் இருக்கு என்றார். ருசியே தெரியவில்லை என்று சொல்ல அவருக்குப் பயமாக இருந்தது. அண்ணனும் அப்படித்தான் ஆரம்பித்தார், உப்புப் போட மறந்துட்டியா என்று மதினியிடம் கேட்டார். உப்பு இருந்தது.

அண்ணன் பி.டி. மாஸ்டர். ஊதலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மைதானத்தின் நடுவில் நின்றால் நானூறு பிள்ளைகள் ஒரே கால் எடுத்து வைக்கும். தொடை இரண்டும் தூண், பெரும் பசிக்காரர், ஆற்றில் இறங்கினால் அக்கரை தொடாமல் திரும்ப மாட்டார். அப்படிப்பட்ட ஆள் ஓர் ஐப்பசி மாதம் படுத்தார். காய்ச்சல் இல்லை, வலி இல்லை, ஒன்றுமில்லை, படுத்தார். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கூட்டுக் குடும்பம், அடுத்தடுத்த அறை. குற்றாலிங்கம் காலையில் வேலைக்குப் புறப்படும்போது கதவிடுக்கில் அந்தப் பாதங்கள் தெரியும், சாயங்காலம் திரும்பும்போதும் அதே பாதங்கள் அதே இடத்தில். அப்பாவுக்குக் கோபம், மதினிக்கு அழுகை, வந்து போகிறவர்களுக்கு ஆளுக்கொரு வைத்தியம். வேலைக்குப் போகச் சோம்பல் என்றார் ஒருத்தர். யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள் என்றார் இன்னொருத்தர். உடம்பு கல்லு மாதிரி இருக்கே, இவனுக்கு என்ன கேடு என்றார் அப்பா. அப்போதுதான் வீட்டின் படித்த பிள்ளை, லேப் டெக்னீசியன் குற்றாலிங்கம், நான் பார்த்துச் சொல்லுதேன் என்று முன்னால் வந்தான். அண்ணனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துவந்து தன் லேபிலேயே உட்கார வைத்து ரத்தம் எடுத்தான். அன்றைக்கு அண்ணன் பல நாளைக்குப் பிறகு சவரம் செய்துகொண்டு வந்திருந்தார். சட்டையைத் தானே மடித்துவிட்டுக்கொண்டு கையை நீட்டினார். நரம்பு அப்படித் திரண்டு நின்றது, கண்ணை மூடிக்கொண்டு குத்தலாம். குழாயில் ரத்தம் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏல, இதுல தெரிஞ்சிரும்லா?" என்று கேட்டார். "எல்லாம் தெரிஞ்சிரும்ணே" என்றான் தம்பி. எது தெரியும் என்று கேட்கவில்லை. எது தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள் என்று கேட்கவில்லை. பஞ்சை வைத்து அழுத்தி, கையை மடக்குங்க என்று சொன்னான். அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

மூன்றரை. இரண்டாவது குழாய். டாக்டர் பிள்ளை ஒட்டுச்சீட்டில் எண் எழுதி, குழாயை ஐஸில் செருகிவிட்டுத் திரைக்கு அந்தப் பக்கம் போனாள். அந்தப் பக்கத்திலிருந்து முதல்தரமாக ஒரு குரல் வந்தது. "மணி என்னம்மா?" மூன்றரை என்றாள். "இன்னும் எவ்வளவு நேரம்?" முக்கால் மணி நேரம்தான் அண்ணாச்சி. முக்கால் மணி நேரம் அந்தக் கட்டிலுக்கு முன்னால் ஒரு மலைபோல நின்றது. அண்ணனும் இப்படித்தான் மணி கேட்பார். பகலில் நாலு தரம், ஐந்து தரம். மணி தெரிந்து என்ன செய்யப் போறான், ரயிலைப் பிடிக்கவா போறான் என்று அப்பா முற்றத்திலிருந்து சத்தம் போடுவார், அதற்கு வீட்டில் எல்லோரும் சிரித்திருக்கிறோம், நானும் சிரித்திருக்கிறேன். குற்றாலிங்கம் எச்சிலை விழுங்கினார், இரும்பு ருசி இன்னும் போகவில்லை. முடிவுத்தாள் வந்த அன்றைக்கு என்ன பெருமை. ஹீமோகுளோபின் பதினாலரை, சர்க்கரை தொண்ணூற்றிரண்டு, தைராய்டு இரண்டு புள்ளி ஒன்று, ஈரல் சரி, சிறுநீரகம் சரி. கணக்கு மீறின எண்ணைச் சிவப்பில் வட்டம் போடுவது லேப் வழக்கம். அந்தத் தாளில் ஒரு வட்டம்கூட இல்லை. "எல்லாம் நார்மல்ப்பா, ஒண்ணுமே கெடையாது" என்று கூடத்தில் நின்று உரக்கச் சொன்னான் குற்றாலிங்கம். சுமை இறங்கியதுபோல அம்மா சாமியைக் கும்பிட்டாள். அப்பா அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். யார் வந்தாலும் எடுத்துக் காட்டினார். மதினி அதுவரைக்கும் அழுதுகொண்டு சோறு ஊட்டியவள், அன்றிலிருந்து தட்டைக் கட்டிலடியில் நங்கென்று வைத்தாள். அவளையும் குறை சொல்ல முடியாது. ஒன்றுமில்லை என்று கவர்மெண்டு முத்திரை மாதிரி ஒரு காகிதம் வந்துவிட்டதே. அண்ணன் மட்டும் அந்தத் தாளை வாங்கி மூன்று தரம் படித்தார். பிறகு திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். பின்பக்கம் ஏதாவது அச்சாகியிருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. வெறும் வெள்ளை.

பிறகு அண்ணன் எழுந்தார், அதுதான் கொடுமை. பார்த்தியா, ஒண்ணுமில்லேன்னு தெரிஞ்சதும் எந்திரிச்சுட்டான் என்று வீடே பூரித்தது. பள்ளிக்கூடம் போனார், மூன்று வாரம் ஊதல் ஊதினார், பிள்ளைகள் கால் எடுத்து வைத்தார்கள். பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ச் சேர்ந்தார். எப்படி என்பதை வீட்டில் யாரும் சொல்வதில்லை. ஊருக்கு நெஞ்சுவலி. குற்றாலிங்கம்தான் அந்த நெஞ்சுவலியையும் கண்டுபிடித்தார், ஆஸ்பத்திரி ஆள் சொன்னால் நம்புவார்கள் அல்லவா. பதினொரு வருஷமாக நெஞ்சுவலி, பதினொரு வருஷமாகக் கேட்கிறவர்களுக்கெல்லாம் நெஞ்சுவலி. சொல்லிச் சொல்லி அம்மா சாகும்போது அதையே நம்பிக்கொண்டு செத்தாள். மூன்றே முக்காலுக்கு மூன்றாவது குழாய் போனது. மின்விசிறி டக் என்றது. திரை லேசாக அசைய, அந்தப் பாதங்களில் ஒன்று இன்னொன்றைத் தேய்த்தது, குதிகால் வெடித்துப் போயிருந்தது. குற்றாலிங்கத்துக்குச் சட்டென்று ஒரு பயம் வந்தது, திரை விலகினால் அங்கே யார் கிடப்பார்கள் என்கிற பயம். எத்தனை மடத்தனம். அண்ணன் இருந்தால் இப்போது ஐம்பத்து மூன்று, இவனுக்கு நாற்பத்தாறு. ஆனால் அண்ணன் ஐம்பத்து மூன்றாகவில்லையே, நாற்பத்திரண்டிலேயே நின்றுவிட்டார், தம்பி அவரைத் தாண்டி வந்து நாலு வருஷம் ஆகிறது. தாண்டி வந்தவனை அண்ணன் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார். லேபில் யாருடைய தாளையாவது அச்செடுத்து, எல்லாம் நார்மல் என்று வாய் சொல்லும்போதெல்லாம் முதுகில் அந்தப் பார்வை உறைக்கும். எத்தனை பேரிடம் சொல்லியிருப்போம். ஒரு நாளைக்கு முப்பது பேர் என்றால்கூட. அதில் எத்தனை பேர் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்கள் என்று யார் கவனித்தது.

இப்போது இந்தக் குழாய்கள் ஐந்தும் போய்ச் சுழன்று தெளிந்து எண்ணாக மாறி ஒரு கோட்டில் உட்காரும். நார்மல் என்கிற கோடு. ஐம்பது பேரின் ரத்தத்தைக் கூட்டிப் போடுகிற கோடு அது. நாளைக்கு எவனோ ஒருவனை இந்தக் கோட்டோடு ஒட்டிவைத்துப் பார்த்து, இவ்வளவுதானே, நார்மலுக்கும் இவ்வளவு வருகிறதே, உனக்கு ஒன்றுமில்லை போ என்பார்கள். கோட்டுக்குள் நான் உட்கார்ந்திருப்பேன், குற்றாலிங்கம் நினைத்தார், அண்ணனின் ரத்தத்தை உடம்பில் வைத்துக்கொண்டு, விடியுமுன் நெஞ்சு அடித்துக் கிடக்கிற நான், நார்மல் என்று பெயர் சூட்டிக்கொண்டு. முதலில் இந்தத் திரைக்கு அந்தப் பக்கம் கிடக்கிறவனுக்கு எதிரே என்னை நிறுத்துவார்கள். பார், இவனைப் பார், இவனுக்கு இல்லாதது உனக்கு ஏன்? இரண்டாவது தரமும் அதே வேலையைச் செய்யப் போகிறேன். அதே தாளை எழுதிக் கொடுக்கப் போகிறேன். சொல்லிவிடலாமா. சொன்னால் என்ன ஆகும். டாக்டர் பிள்ளை முகம் சுளிப்பாள், பேராசிரியர் ஏசுவார், அது போகட்டும். ஆவுடையப்பன் காதுக்குப் போகும், போகாமல் எங்கே போகும், கேன்டீன் இருக்கிற ஆஸ்பத்திரி. நெஞ்சுவலி இல்லை என்று ஆகும். பிறகு, தம்பிக்கும் அப்படித்தானாமே என்று ஆகும். பிறகு உமையாளைப் பார்த்து, இது ரத்தத்திலேயே வருமாமே என்று ஆகும். பகவதி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எதையும் கேட்டு வாங்காதவள், ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், பிள்ளை ஒரு வீட்டுக்குப் போய்ச் சேருகிற வரைக்கும் அந்தப் பேச்சு வேண்டாம் என்று. நியாயம்தான். உமையாளின் முகம் வந்தது, பரீட்சைக்குப் படித்துவிட்டு மேசையில் தலைசாய்த்துத் தூங்குகிற முகம். திரைக்கு அந்தப் பக்கத்து ஆளுக்கு என்ன வயதில் பிள்ளைகள் இருக்கும், இருக்குமா, அவர்கள் அவனை மணி கேட்கிறான் என்று சிரிப்பார்களா. நாலு மணி. நாலாவது குழாய். "கொஞ்சம் முகம் வெளிறின மாதிரி இருக்கே அண்ணாச்சி, மயக்கமா வருதா?" இல்லை என்று தலையை ஆட்டினார். பேசக் கூடாது அல்லவா. நல்ல சாக்கு. இன்னும் கால் மணி நேரம் பேசாமல் இருந்துவிட்டால் போதும், எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு லேபுக்குப் போய்விடலாம், வாழ்நாள் முழுக்கப் பேசாமல் இருந்துவிடலாம், அதில்தான் அவருக்குப் பதினொரு வருஷப் பழக்கம் இருக்கிறதே. மனிதனுக்கு இவ்வளவு கேவலமாகத் தன்னைப் பற்றித் தோன்றக் கூடாது. தோன்றியது. அழுகை வந்தது, மல்லாந்து கிடந்ததால் கண்ணீர் இரண்டு காதுக்குள்ளும் இறங்கியது, கையை அசைக்கக் கூடாதென்று துடைக்காமல் கிடந்தார்.

நாலே கால். ஐந்தாவது குழாயையும் எடுத்து, டாக்டர் அஸ்மா ஒட்டுச்சீட்டில் எண்ணை எழுதத் தொடங்கியபோது, "எழுதாதீங்க டாக்டர்" என்றார். குரல் கரகரத்தது. இரண்டு மணி நேரம் பேசாத வாய்.

"என்ன அண்ணாச்சி?"

"அந்தப் பாரத்துல நான் பொய் சொல்லிட்டேன். எங்க அண்ணன் ஒருத்தர் இருந்தாரு. கூடப் பொறந்தவரு. அஞ்சு மாசம் படுத்துக் கெடந்தாரு. வைத்தியம் ஒண்ணும் பாக்கல. பொறவு அவராவே போயிட்டாரு. நெஞ்சுவலின்னு நான்தான் ஊருக்குச் சொன்னேன்." மூச்சு வாங்கினார். "நானும் தூங்கல டாக்டர். ரெண்டரை மாசமாச்சு. அதும் பொய்தான்."

அவள் பேனாவை மூடினாள். ஏசுவாள் என்று எதிர்பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "என் தப்புதான். அத்தன பேரு போற வர்ற எடத்துல நிறுத்தி வச்சு அதக் கேட்டிருக்கக் கூடாது. நார்மல்ல உங்களச் சேக்க முடியாது அண்ணாச்சி. பக்கத்துல இருக்கவருக்கு ஜோடியா நான் வேற ஆளு பாத்துக்கறேன்."

"சேக்க வேண்டாம். ஆனா எடுத்த ரத்தத்தக் கீழ கொட்டிராதீங்க. மெஷின்ல ஓட்டிப் பாருங்க. எனக்கு வந்துருக்கா வரலியான்னு அதுல பாத்துச் சொல்லுங்க."

"அப்படிச் சொல்ல முடியாதே. நூறு பேர ஒண்ணாச் சேத்துப் பாத்தாத்தான் இதுல ஏதாவது தெரியும். ஒத்த ஆள வச்சு ஒண்ணும் சொல்லாது. நல்லா இருக்கவருக்கும் ஏறியிருக்கும், ரொம்ப முடியாதவருக்கும் சரியா இருக்கும்." கொஞ்சம் யோசித்தாள். "ஒரு ஆளுக்கு என்னன்னு தெரியணும்னா அவர்கிட்ட உக்காந்து கேக்கத்தான் வேணும். நாளைக்குக் காலைல என் ரூமுக்கு வாங்க, நான் கேக்கறேன். கண்டிப்பா வரணும். உங்க வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க. இது வெளிய போகாது."

"ஆவுடையப்பன்ட்ட நானே சொல்லிக்கிடுதேன்" என்றார் குற்றாலிங்கம். எப்படி வந்தது அந்த வார்த்தை என்று அவருக்கே தெரியவில்லை. பேராசிரியரிடம் பேசிவிட்டு வந்து கையிலிருக்கும் குழாயை எடுத்துவிடுகிறேன் என்று அவள் வெளியே போனாள். ஐஸ் பெட்டியும் கூடவே போனது. அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் மிஞ்சியது. கேக்கத்தான் வேணும், கேக்கத்தான் வேணும் என்று அதுவே மண்டைக்குள் சுற்றியது. நரம்பைத் தொட்டுப் பார்த்தேன், ஊசியைக் குத்தினேன், ரத்தத்தைச் சுற்ற விட்டேன், எண்ணை எடுத்தேன், அச்சுப் போட்டேன். அண்ணன் எனக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்திருந்தார், சவரம் செய்துகொண்டு வந்திருந்தார்.

"அண்ணாச்சி." திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த குரல்.

குற்றாலிங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டார். திரை துணிதானே, எல்லாம் கேட்டிருக்கும்.

"எதுக்குச் சொன்னிய? வாய மூடிட்டு இருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காதுல்லா."

கேள்வியில் குத்தல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டது அந்தக் குரல். "எங்கண்ணன்ட்ட நான் ரத்தம் எடுத்தேன்" என்றார். "ஒரு வார்த்த கேக்கல. அடுத்த ரூம்ல இருந்துக்கிட்டு, அஞ்சு மாசம், ஒரு வார்த்த கேக்கல."

கட்டில் கிரீச்சிட்டது. சுவரைப் பார்த்துக் கிடந்த பாதங்கள் மெல்லத் திரும்பி மேலே பார்த்தன.

"என்ட்ட கேளுங்க" என்றது குரல்.

குற்றாலிங்கம் எழுந்தார். இரண்டு மணி நேரம் மல்லாந்து கிடந்த உடம்பு, தலை கிறுகிறுத்தது. உப்புத் தண்ணீர் தொங்கும் கம்பியை ஒரு கையால் பிடித்துத் தள்ளிக்கொண்டு இன்னொரு கையால் திரையை ஒதுக்கினார். அண்ணன் இல்லை. அண்ணன் மாதிரியே இல்லை. ஒல்லியான ஆள், மீசை நரைத்து, சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தான். வீட்டில் யாரும் கவனித்துச் சொல்லவில்லை போல. கட்டில் ஓரத்தில் இடம் விட்டு ஒதுங்கிப் படுத்தான். குற்றாலிங்கம் உட்கார்ந்தார். என்ன கேட்பது என்று பார்த்தால், இத்தனை வருஷத்தில் அவருக்குக் கேட்டுப் பழக்கம் மூன்று கேள்விதான், பெயர் என்ன, வயது என்ன, சாப்பிட்டாச்சா. அந்த ஆள் அவசரப்படுத்தவில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தான். அவனுடைய கை பக்கத்திலேயே கிடந்தது. நரம்பு எங்கே ஓடுகிறது என்று பழக்கத்தில் கண் தேடியதும் குற்றாலிங்கம் பார்வையை எடுத்து அவன் முகத்துக்குக் கொண்டுபோனார்.

"உள்ளுக்குள்ள என்ன செய்யுது அண்ணாச்சி?" என்று கேட்டார்.

பதில் வர நேரமானது. வெளியே வராந்தாவில் யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள், எங்கோ ஒரு குழந்தை அழுது ஓய்ந்தது. லேபில் நாலரை மணிக் கூட்டம் சேர்ந்திருக்கும், ஆளைக் காணோமென்று தேடுவார்கள். குற்றாலிங்கம் எழுந்து போகவில்லை.